திருமணியில் ஒரு கைகுலுக்கல்

விழுப்புரம் பாசஞ்சரில் வந்தால் மேல்மருவத்தூரில் பெட்டி பாதி காலியாகிவிடும். சிவப்புப் புடவைக் கூட்டம் இறங்கிப் போனபின் அடுத்த நிறுத்தம் அச்சரப்பாக்கம். நான் இறங்கிய காலை வேளையில் என்னோடு இறங்கியவர்கள் சில கல்லூரிப் பிள்ளைகளும், எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட ஒரு முதியவரும்தான்.

சம்பந்தர் பாடிய தொண்டைநாட்டுத் தலம் இது. முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவன் பிள்ளையாரை வணங்க மறந்ததால் தேரின் அச்சு முறிந்த இடம் என்பார்கள். ஆட்சீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு மலைப்பக்கம் நடந்தேன். வஜ்ரகிரியில் பசுபதீஸ்வரர் இருக்கிறார். அதே குன்றுத் தொடரில் மழை மலை மாதாவும் இருக்கிறாள். கொஞ்சம் ஏறி நின்று பார்த்தால் ஊரின் அமைப்பு புரியும். ஏரிகள், வயல்கள், அவற்றை அறுத்துக்கொண்டு ஓடும் ஜி.எஸ்.டி. சாலை, அதற்குத் துணையாகத் தண்டவாளம். வடக்கே போனால் செங்கல்பட்டு, தெற்கே போனால் திண்டிவனம். அச்சரப்பாக்கம் ஏறக்குறைய நடுவில்.

இந்தச் சாலையோர ஊர்களில் ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் எவ்வளவு மோசம் என்பதை ஊர்ப் பெயரைக் கொண்டே தெரிந்துகொள்ளலாம். காய்ச்சல் தலைவலிக்கு உள்ளூர் டாக்டர். கொஞ்சம் பெரிதானால் மேல்மருவத்தூர். விபத்து என்றால் செங்கல்பட்டு ஜி.ஹெச். “வேலூருக்கே கொண்டு போயிட்டாங்களாம்” என்று யாராவது சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடும். கடைசி நம்பிக்கையின் பெயர் அது.

அந்த வேலூர் ஆஸ்பத்திரிக்கு வேர் இந்தத் தண்டவாளத்தின் தெற்கு முனையில் இருக்கிறது. அது உலகத்துக்குக் கொடுத்தவற்றில் ஆகப் பெரிய ஒன்று வடக்கு முனையில் முளைத்தது. இரண்டு முனைகளையும் நேரில் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் நடுவில் வந்து இறங்கினேன்.

தெற்கு முனைக் கதை பலருக்குத் தெரியும். அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த அவர் மகள் ஐடா அமெரிக்காவில் படித்தவள். தாய்க்கு உடம்பு முடியாததால் துணைக்கு வந்திருந்தாள். இந்தியாவில் தங்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. ஒருநாள் இரவு மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக பங்களா வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் ஒரு இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகியிருந்தது. “அப்பாவை அனுப்புகிறேன்” என்றாள் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

திண்டிவனத்தில் இன்றைக்கு இறங்கினால் நாலாபக்கமும் பேருந்து இரைச்சல். புதுச்சேரிக்கு, திருவண்ணாமலைக்கு, செஞ்சிக்கு என்று நடத்துநர்கள் கூவுகிறார்கள். அந்த இரவைக் கற்பனை செய்ய எனக்கு நேரம் பிடித்தது. இருபதைக் கொஞ்சம் தாண்டிய பெண்ணுக்கு அந்த ஒரே இரவில் என்ன நேர்ந்திருக்கும்? அவள் திரும்பிப் போய் மருத்துவம் படித்தாள். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றாள். அடுத்த ஆண்டே வந்துவிட்டாள். 1902இல் வேலூரில் ஷெல் ஆஸ்பத்திரி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1960இல் கொடைக்கானலில் இறக்கும்வரை இந்த மண்ணை விடவில்லை.

நான் சொல்ல வந்த கதைக்கு இங்கிருந்து ஒரு கண்ணி போகிறது. ஐடாவின் பள்ளி கொடுத்தது எல்.எம்.பி. சான்றிதழ். முப்பதுகளின் இறுதியில் சென்னை மாகாண அரசு அந்தப் படிப்பையே மூட முடிவெடுத்தது. பள்ளி பிழைக்கவேண்டுமானால் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயரவேண்டும், அதற்கு மேல்படிப்புப் படித்த பேராசிரியர்கள் வேண்டும். 1942இல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது, ஆனால் ஆள் பற்றாக்குறை தீரவில்லை. அப்போது கல்லூரிப் பொறுப்பை ஏற்றவர் ராபர்ட் காக்ரேன். ஸ்காட்லாந்து மரபினர், தொழுநோய் நிபுணர். முப்பதுகளின் நடுவிலிருந்து செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்தவர். அறுவை சிகிச்சை கற்பிக்க அவர் லண்டனிலிருந்து அழைத்துவந்த இளைஞர்தான் பால் பிராண்ட். வந்த ஆண்டு 1946.

அழைத்து வந்தார் என்பதைவிட, திரும்ப வரவழைத்தார் என்பதே சரி. பால் பிராண்ட் பிறந்தது கொல்லிமலையில், 1914 ஜூலை 17 அன்று. அப்பா ஜெஸ்ஸியும் அம்மா எவ்லினும் வாழவந்தியில் மரவீடு கட்டிக்கொண்டு மலைமக்களோடு வாழ்ந்த மிஷனரிகள். ஜெஸ்ஸி டாக்டர் இல்லை. வெப்பநாட்டு நோய்களைப் பற்றிச் சிறு படிப்பு மட்டுமே படித்திருந்தார். ஆனால் மலையில் அவரை விட்டால் வேறு ஆளில்லை. பல் பிடுங்குவார், கட்டி கீறுவார், காலில் புகுந்த நரம்புச் சிலந்தியை உருவி எடுப்பார். சிறுவன் பாலுக்கு இதையெல்லாம் பார்த்து ரத்தமும் சீழும் என்றாலே குமட்டல். ஒருநாள் மூன்று பேர் விரலற்ற கைகளோடு வந்தார்கள். எதற்கும் அஞ்சாத அப்பா அன்று கையுறை மாட்டிக்கொண்டு கட்டுப்போட்டார். பிள்ளைகளை அருகே வரவிடவில்லை. அந்தக் காட்சி அவர் மனத்தில் தங்கிவிட்டது.

ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்து அனுப்பினார்கள். பிறகு அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. ஜெஸ்ஸி 1929இல் மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் கொல்லிமலையிலேயே இறந்தார். அம்மா தன் தொண்ணூறுகள் வரை மலைகளில் அலைந்து வைத்தியம் பார்த்தார். மகன் டாக்டராக மறுத்து, தச்சும் கொத்து வேலையும் கற்றுக்கொண்டார். மலைக்குத் திரும்பி வீடு கட்டித் தருவதுதான் திட்டம். மிஷனரி வேலைக்குப் போகிறவர்களுக்கான ஒரு சிறு மருத்துவப் பயிற்சியின்போது, வெளிறிப்போய்ச் சவம்போலக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றுவதைப் பார்த்தார். கன்னத்தில் சிவப்பு ஏறியது, அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அன்று மனம் மாறியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மருத்துவம், குண்டு விழும் நகரத்தில் அறுவைப் பயிற்சி, 1943இல் எஃப்.ஆர்.சி.எஸ்.

உளி பிடித்துப் பழகிய அந்த ஆண்டுகள் வீணாகவில்லை என்பது என் எண்ணம். பின்னாளில் அவர் மனிதக் கையைப் பார்த்த விதம் வைத்தியர் பார்வையோடு நிற்கவில்லை. எந்த மூட்டு எந்த இழுப்புக்கு அசைகிறது, எங்கே விசை போகிறது என்று கணக்குப் போடும் தச்சர் பார்வையும் அதில் இருந்தது.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கியதும் கொளவாய் ஏரிக் காற்று முகத்தில் அடிக்கும். அச்சரப்பாக்கத்திலிருந்து வடக்கே வரும்போது மதுராந்தகம் ஏரியும் பாலாற்றுப் பாலமும் கடந்து வருகிறோம். ஆற்றில் மணல்தான் அதிகம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரிடம் திருமணி என்றேன். “குஷ்டரோக ஆஸ்பத்திரியா சார்?” என்றவர் குரலைத் தாழ்த்தி, “யாருக்கு?” என்று கேட்டார். சும்மா பார்க்க என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கொஞ்ச தூரம் போனபின், தன் பாட்டி காலத்தில் அந்தப் பக்கம் போகிற பேருந்தில் உட்காரவே யோசிப்பார்கள் என்றும், இப்போது அப்படியெல்லாம் இல்லை என்றும் தானாகச் சொன்னார். ஆனால் அந்தக் குரல் தாழ்ந்தது எனக்கு மறக்கவில்லை.

1924இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை தொடங்கிய இந்த இடத்தை 1955இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் என்பது இப்போதைய பெயர். ஊரை விட்டு ஒதுக்கிவைக்கப்பட்டவர்களுக்கு ஒரு ஊராக அமைந்த இடம் இது.

1947இல் காக்ரேன் தன் பழைய இடத்தைக் காட்டப் பிராண்டை இங்கே அழைத்துவந்தார். காக்ரேன் தோல்நோய்க்காரர். தோட்டத்தில் வேலைசெய்துகொண்டிருந்த நோயாளிகளை நிறுத்தி, தோலில் இருந்த தேமலையும் தடிப்பையும் ஆர்வமாகக் காட்டிக்கொண்டே போனார். பிராண்டின் கண்ணோ கைகளிலேயே நின்றது. மடங்கிய விரல்கள், குறைந்துபோன விரல்கள், விரலே இல்லாத கைகள். இவை ஏன் இப்படி ஆகின்றன, இவற்றுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். எலும்பு வைத்தியர் நீங்கள்தான், இந்த நோயின் ஊனங்களை ஆராய்ந்த ஒரு எலும்பு சிகிச்சை நிபுணரும் உலகத்தில் இல்லை என்றார் காக்ரேன். போலியோ ஊனத்துக்கு எத்தனையோ பேர் உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. கோடிக்கணக்கான தொழுநோயாளிகளின் கைகளை ஒருவரும் தொட்டுப் பார்த்திருக்கவில்லை.

விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போயிருந்த ஒரு இளைஞரை நிறுத்திப் பிராண்ட் தன் கையைக் கொடுத்தார். முடிந்த அளவு அழுத்து என்றார். செயலற்ற கை என்றுதான் எதிர்பார்த்தார். அந்தப் பிடி வலியில் கத்தவைக்கும் அளவுக்கு வலுவாக இருந்தது. நகங்கள் சதையில் பதிந்தன.

அந்த வலியில் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கை செத்துப்போகவில்லை. முழங்கையின் உட்புறம் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஏறும். தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. தோலுக்கு அருகே ஓடும் இந்த நரம்பை அது தாக்குகிறது. உள்ளங்கைக்குள் இருக்கும் சிறுதசைகள் செயலிழந்துபோகின்றன, விரல்கள் கொக்கிபோல மடங்குகின்றன. ஆனால் விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் நரம்பு பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. அப்படியானால் அங்கே மிச்சமிருக்கும் வலுவைக் கொஞ்சம் திருப்பி விடலாமே?

வேலூரில் வேலை தொடங்கியது. தொழுநோயாளிகளைச் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. அழுகும் சதையில் கத்தி வைத்தால் ஆறாது என்பது மருத்துவர்களின் நம்பிக்கை. பிராண்ட் குறைந்துபோன விரல்களின் திசுக்களை எடுத்துச் சோதித்தார். சதை சாதாரணச் சதைதான். காயம் எல்லாருக்கும் ஆறுவது போலவே ஆறியது.

சிகிச்சையின் சூத்திரம் இது. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு, ஒன்று போதும். மற்றொன்றை அதன் இடத்திலிருந்து விடுவித்து, நாலாகக் கீறி, உள்ளங்கை வழியே கொண்டுபோய் நாலு விரல்களிலும் தைப்பார்கள். இழுப்பு சற்றுக் கூடினால் விரல் விறைக்கும், குறைந்தால் மறுபடி மடங்கும். பிறகு மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபின்தான் நோயாளிக்கு உண்மையான வேலை. இவ்வளவு நாள் மடக்குவதற்கு இழுத்த தசையை இப்போது நிமிர்த்துவதற்கு இழுக்கும்படி மூளைக்குக் கற்றுத்தர வேண்டும். நாள் முழுதும் விரலைப் பார்த்துக்கொண்டு பழகுவார்கள். பின்னாளில் பிராண்ட் மணிக்கட்டுத் தசையைக் கொண்டு இதைவிடச் சிறந்த முறையையும் வகுத்தார். 1952இல் லண்டன் அறுவை மருத்துவர் ராயல் கல்லூரியில் ஹன்டேரியன் பேராசிரியராக அவர் ஆற்றிய உரை இந்தக் கையைப் பற்றியதுதான்.

கையோடு நிற்கவில்லை. தொங்கிப்போன பாதம், அமுங்கிப்போன மூக்கு. உதிர்ந்த புருவத்துக்குத் தலைத்தோலில் ஒரு துண்டை ரத்தக்குழாயோடு நகர்த்தி நட்டார்கள். புருவம் இல்லாத முகத்தை ஊர் உடனே அடையாளம் கண்டுவிடும் என்பதால் இது ஆடம்பரமில்லை. அவர் மனைவி மார்கரெட் கண்ணைப் பார்த்துக்கொண்டார். இமைக்க முடியாத கண் வறண்டு குருடாகும். கன்னப்பொறியில் இருக்கும் மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமைக்குக் கொண்டுபோனார்கள். வாயில் எதையாவது மென்றால் கண் மூடித் திறக்கும்! பார்வை போகாமலிருக்க நோயாளிகள் அடிக்கடி மெல்லப் பழகினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் திருத்திய கைகளில் புதுப்புதுக் காயங்கள் வந்துகொண்டிருந்தன. காரணம் ஒரு பூட்டில் கிடைத்தது. துருப்பிடித்த பூட்டைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. ஒரு சிறுவன் நான் பார்க்கிறேன் என்று சாவியைத் திருகித் திறந்துவிட்டான். கையைப் பார்த்தால் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கு வலிக்கவில்லை. விரல்கள் நோயால் அழுகி விழவில்லை என்பது அதன்பின் ஐயமற உறுதியாயிற்று. வலி தெரியாததால் அடுப்பிலும் கருவியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போயின. இரவில் தூங்கும்போது விரலை எலி கடித்துத் தின்ற சம்பவங்களும் இருந்தன; அதற்காகப் பூனை வளர்த்தார்கள். வலியைக் கொடை என்று பிராண்ட் வாழ்நாள் முழுதும் சொன்னதற்குப் பின்னால் இந்தக் கைகள் இருக்கின்றன. லண்டனில் ஒரு நீண்ட ரயில் பயணத்துக்குப்பின் இரவில் தன் குதிகால் மரத்திருப்பதைக் கண்டு, ஊசியால் குத்தியும் வலிக்காமல், தனக்கும் நோய் வந்துவிட்டது என்று விடியவிடியத் தூங்காமல் கிடந்திருக்கிறார். காலையில் மறுபடி குத்தியபோது வலித்தது. அந்த வலிக்கு நன்றி சொன்னார்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி இதற்கும் அப்பால் இருக்கிறது. முதலில் கை திருத்தப்பட்ட ஒரு இளைஞர் படித்தவர், நோய் வந்தபின் பிச்சை எடுத்தவர். நல்ல கையோடு ஊர் திரும்பினார், சில காலம் கழித்து மெலிந்து வந்து நின்றார். நோயின் வடு தெரிவதால் வேலை தர ஆளில்லை. கை நன்றாக இருப்பதால் பிச்சை போடவும் ஆளில்லை. நீங்கள் தந்த கை பிச்சைக்கு ஆகாது டாக்டர் என்றார். ஒரு அறுவை மருத்துவர் இதைக் கேட்டு என் வேலை கையோடு முடிந்தது என்று சொல்லியிருக்கலாம். பிராண்ட் தன் பழைய உளியை எடுத்தார். 1951இல் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு உருவானது. அங்கே டாக்டரே தச்சு கற்றுக்கொடுத்தார். மரத்துப்போன கை எந்தக் கருவியை எப்படிப் பிடித்தால் காயம் படாது என்று அவர்களோடு உட்கார்ந்து பார்த்தார். காலுக்கு மெத்தென்ற நுண்ணறை ரப்பரில் செருப்பு. இன்றும் தொழுநோய் மருத்துவமனைகளில் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்றால் தெரியாதவர் இல்லை.

அவரிடம் பயின்றவர்களில் மேரி வர்கீஸை மட்டுமாவது சொல்லவேண்டும். 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் டாக்டர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்யலாம் என்று பிராண்ட் ஊக்கினார், மேரியும் செய்தார். எழ முடியாத டாக்டர் தங்கள் கையைத் திருத்துவதைப் பார்த்த நோயாளிகளுக்கு அது எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்! பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தொடங்கி வைத்தவரும் அவரே.

பிராண்டுக்கு 1960இல் லாஸ்கர் விருது கிடைத்தது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களுக்கும் இந்த அறிவுதான் உதவியது. நம் ஊர்களில் இன்று சர்க்கரைப் புண்ணுக்காகக் காலை இழக்காமல் காப்பாற்றும் செருப்பும் கட்டும் தொழுநோயாளிகளிடம் கற்ற பாடங்களுக்குக் கடன்பட்டவை. 2003 ஜூலை 8 அன்று அவர் இறந்தார்.

வேலூரை எல்லாரும் அறிவார்கள். திருமணியை அறியவேண்டிய அளவுக்கு அறியவில்லை என்பது என் ஆதங்கம். காக்ரேனையும் மறந்துவிட்டோம். டாப்சோன் மருந்தைத் தொழுநோய்க்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்த சிலரில் அவர் ஒருவர், நாற்பதுகளில். செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போகிறார்கள், வேடந்தாங்கலுக்குப் போகிறார்கள். உலகம் முழுவதும் எத்தனையோ கைகளை விரியவைத்த ஒரு யோசனை தங்கள் ஊரின் ஒரு தோட்டத்தில் ஒரு கைகுலுக்கலில் பிறந்தது என்று அவர்களுக்கு யாராவது சொல்லவேண்டும்.

இந்தியா 2005 இறுதியில் தொழுநோயைப் பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கியதாக அறிவித்தது; பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பது கணக்கு. நோய் போய்விட்டது என்று பொருளில்லை. இன்றும் புதிதாக வருகிறார்கள். வெளுத்த அல்லது சிவந்த தேமல், தொட்டால் சொரணை இல்லை என்றால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டலாம். கூட்டு மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் போதும், தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடும். தாமதமாக வந்து விரல் மடங்கிப்போனவர்களுக்குப் பிராண்ட் வகுத்த வழியில் வந்த அறுவை சிகிச்சை திருமணியிலேயே நடக்கிறது. அதற்காகத் தங்கும் நாட்களில் போகிற கூலிக்கு ஈடாக அரசு அவர்கள் கையில் ஒரு தொகையும் கொடுக்கிறது.